முன்னால் நிற்பது யார்?

எழுது ஆங்கிலம் – 12

இந்திய அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு ஆங்கிலத்தில் மூன்றே சொற்களில் தொடங்குகிறது: ‘அன்டச்சபிலிட்டி இஸ் அபாலிஷ்ட்’. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது. அதை எந்த வடிவில் கடைப்பிடிப்பதும் தடை செய்யப்படுகிறது என்று வாக்கியம் தொடர்கிறது. ஒழிப்பது யார், தடை செய்வது யார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாசிவ் வாய்ஸ் என்று நாம் படித்த செயப்பாட்டுவினைதான் இது.

இரண்டு பிரிவுகளுக்கு முன்னால், 15-வது பிரிவு வேறு மாதிரி தொடங்குகிறது. ‘த ஸ்டேட் ஷல் நாட் டிஸ்கிரிமினேட்’. அரசு பாகுபாடு காட்டக் கூடாது. இது ஆக்டிவ். அரசுதான் எழுவாய், முதல் சொல்லும் அதுதான். 17-க்கு அடுத்த 18-வது பிரிவில் மறுபடியும் பாசிவ். ராணுவச் சிறப்பு, கல்விச் சிறப்பு தவிர எந்தப் பட்டமும் வழங்கப்படக் கூடாது என்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் கடைசியில் ‘பை த ஸ்டேட்’ என்று ஒரு வால் இருக்கிறது. அரசால் வழங்கப்படக் கூடாது.

நான்கு பிரிவுகளுக்குள் மூன்று விதமான வாக்கியங்கள். சாசனத்தை எழுதியவர்கள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டவர்கள். அதனால் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாசிவ் எதற்கு என்பதில் பாதி விளங்கிவிடும்.

15-வது பிரிவின் முதல் வாக்கியம் அரசுக்கு இடும் கட்டளை. அரசைப் பார்த்துப் பேசுகிறது, அதனால் அரசு முன்னால் நிற்கிறது. 18-ல் பேச்சு பட்டங்களைப் பற்றியது. ராவ் பகதூர், திவான் பகதூர் என்று வெள்ளைக்காரர் ஆட்சியில் கொடுத்துக்கொண்டிருந்த பட்டங்கள் இனி இல்லை என்பது விஷயம். எனவே பட்டம் முன்னால் வருகிறது. ஆனால் அந்த வாக்கியம் தடுப்பது அரசை மட்டும்தான். ஊரில் ஒரு சபா பாடகர் ஒருவருக்குப் பட்டம் சூட்டினால் அதை இந்த வாக்கியம் தடுக்காது. ‘பை த ஸ்டேட்’ என்ற வால் இல்லாவிட்டால் அந்த சபாவும் மாட்டிக்கொள்ளும். ஆகவே வால் அவசியம்.

17-ல் வால் இல்லாததும் அதே அளவு அவசியம். தீண்டாமையைக் கடைப்பிடிப்பது அரசு மட்டுமா? தனி டம்ளர் வைக்கும் டீக்கடைக்காரர், வீடு வாடகைக்குத் தர மறுப்பவர், கோயில் வாசலில் தடுப்பவர், கிணற்றடியில் விரட்டுபவர் என்று யார் செய்தாலும் குற்றம். இவர், அவர் என்று ஒரு பெயரைப் போட்டால் அந்தப் பெயருக்குள் வராதவர் தப்பித்துக்கொள்வார். பெயரே போடாததால் ஒருவரும் தப்ப முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. ஒழிக்கப்படும் என்று எதிர்காலத்தில் எழுதவில்லை. ‘இஸ் அபாலிஷ்ட்’ என்று நிகழ்காலத்தில் எழுதினார்கள். அரசு இனிமேல் ஒழிக்கும் என்று ஒரு எழுவாயைப் போட்டிருந்தால் அந்த எழுவாய் எப்போது வேலையை ஆரம்பிக்கும் என்று காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கே வாக்கியமே காரியத்தைச் செய்து முடித்துவிடுகிறது.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது நசிருத்தீன் அகமது என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மதத்தையோ சாதியையோ காரணமாக வைத்து எவரும் தீண்டத்தகாதவராக நடத்தப்படக் கூடாது என்ற கருத்தில் வாக்கியத்தை மாற்றச் சொன்னார். அதுவும் பாசிவ்தான். ஆனால் அங்கே முன்னால் நிற்பது ‘எவரும்’ என்ற மனிதர். அம்பேத்கரின் வரைவுக் குழு கொண்டுவந்த வாக்கியத்தில் முன்னால் நிற்பது தீண்டாமை என்ற வழக்கம். சபை திருத்தத்தை ஏற்கவில்லை. வழக்கத்தை முன்னால் இழுத்து நிறுத்தி அதைத் தீர்த்த வாக்கியமே நிலைத்தது. 2023 ஜனவரியில், அடிப்படை உரிமைகளைத் தனி மனிதர்களுக்கு எதிராகவும் கேட்க முடியுமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்த வாக்கிய அமைப்புகளையும் கவனித்தது. சில பிரிவுகள் அரசுக்கு இடும் கட்டளையாக இருக்கின்றன, சில அப்படி இல்லை என்ற வேறுபாடு பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒரு வாதமாகவே இடம்பெற்றது. எழுவாய் யார் என்ற கேள்விக்கு இவ்வளவு எடை உண்டு.

நாம் பாசிவ் கற்றுக்கொண்ட விதத்தில் இந்த எடை தெரிய வாய்ப்பே இல்லை. ரென் அண்டு மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் அதன் வழியில் வந்த எண்ணற்ற நோட்ஸ்களும் நமக்குக் கொடுத்தது மாற்றும் பயிற்சி. ராம் மாம்பழம் தின்கிறான் என்பதை, மாம்பழம் ராமால் தின்னப்படுகிறது என்று மாற்று. இரண்டு மதிப்பெண். எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாற வேண்டும், ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ் பீன்’ இவற்றில் பொருத்தமானது வர வேண்டும், வினை மூன்றாம் வடிவத்துக்குப் போக வேண்டும், கடைசியில் ‘பை’ போட வேண்டும். இந்த இயந்திரம் நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. எப்போது அதை ஓட்டுவது என்று மட்டும் பாடத்தில் இல்லை. மாம்பழம் ராமால் தின்னப்படுவதாக ஆங்கிலேயர் எவரும் காரணம் இல்லாமல் எழுத மாட்டார் என்பதையும் எவரும் சொல்லவில்லை.

பிறகு கல்லூரிக்கோ வேலைக்கோ போனால் நேர் எதிரான உத்தரவு வருகிறது: பாசிவ் எழுதாதே. கம்ப்யூட்டரில் வேர்டு மென்பொருளே அடிக்கோடு போட்டு எச்சரிக்கிறது. இந்த உத்தரவுக்கு இரண்டு பெரிய ஊற்றுகள். ஒன்று, ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் அரசியலும் ஆங்கில மொழியும் பற்றி எழுதிய கட்டுரை. ஆக்டிவ் போட முடிந்த இடத்தில் பாசிவ் போடவே கூடாது என்ற கருத்தில் அதில் ஒரு விதி உண்டு. இன்னொன்று, கார்னெல் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் எழுதி, அவருடைய மாணவர் ஈ.பி.ஒயிட் விரித்து 1959-ல் வெளியிட்ட கையேடு.

ஆர்வெலை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கட்டுரையை ஆங்கிலம் எழுதுகிற எல்லோரும் படிக்க வேண்டும். ஆனால் அந்த விதியை அவரே கடைப்பிடிக்கவில்லை. கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பாசிவ் இருக்கிறது. மெரியம்–வெப்ஸ்டர் நிறுவனத்தின் ஆங்கில வழக்கு அகராதி எண்ணிப் பார்த்து, அந்தக் கட்டுரையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பாசிவ் என்று சொல்கிறது. சாதாரணப் பத்திரிகை எழுத்தைவிட அதிகம். ஸ்ட்ரங்க்–ஒயிட் கையேட்டின் கதை இன்னும் வருத்தமானது. அதில் திருத்திக் காட்டியிருக்கும் நான்கு உதாரணங்களில் மூன்று பாசிவே இல்லை என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009-ல் எடுத்துக்காட்டினார். பாசிவ் எது என்றே தெரியாமல் அதை விரட்டுகிற பழக்கம் இப்படித்தான் பரவியது.

நன்றாக எழுதுகிறவர்கள் விதி என்ன சொன்னாலும் பாசிவை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஆங்கில மொழியின் உடம்பிலேயே இருக்கிறது. தமிழ்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம், நம்மிடம் இருக்கும் ஒன்று அவர்களிடம் இல்லை என்பதால்.

போலீஸ் முருகனைப் பிடித்தது. முருகனைப் போலீஸ் பிடித்தது. தமிழில் இரண்டும் சரி. ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்து முருகனோடு ஒட்டிக்கொண்டு, அவர் எங்கே நின்றாலும் பிடிபட்டவர் அவர்தான் என்று சொல்லிவிடுகிறது. பேச்சு முருகனைப் பற்றி என்றால் முருகனை முன்னால் கொண்டுவரலாம், வினையைத் தொட வேண்டியதே இல்லை. ஆங்கிலத்தில் ‘த போலீஸ் காட் முருகன்’ என்பதை அப்படியே திருப்பிப் போட்டால் முருகன் போலீஸைப் பிடித்ததாகிவிடும். யார் செய்தார், யாருக்கு நடந்தது என்பதை அங்கே இடம்தான் சொல்கிறது. வினைக்கு முன்னால் இருப்பவர் செய்தவர், பின்னால் இருப்பவர் பட்டவர். அப்படியானால் பட்டவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்போது அவரை எப்படி முன்னால் கொண்டுவருவது? வினையின் உருவத்தை மாற்றித்தான். ‘முருகன் வாஸ் காட்’. நாம் ‘ஐ’ போட்டுச் செய்கிற வேலையை அவர்கள் பாசிவ் போட்டுச் செய்கிறார்கள்.

ஆங்கிலமும் ஆதியில் நம்மைப் போலத்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன, சொற்களை இடம் மாற்றி வைக்கலாம். நாம் ‘சொல்றாங்க’, ‘கடையை மூடிட்டாங்க’ என்று யாரென்று குறிக்காமல் பேசுவது போல அவர்களுக்கு ‘மன்’ என்றொரு சொல் இருந்தது. இன்றைய ஜெர்மன் மொழியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் உருபுகள் நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேய்ந்தன. ‘மன்’ என்ற அந்தப் பொதுச்சொல்லும் 15-ம் நூற்றாண்டு வாக்கில் வழக்கொழிந்தது. இரண்டு வசதியும் போன பிறகு அந்த வேலைகள் பாசிவின் தலையில் விழுந்தன. அதனால்தான் ஆங்கிலத்தில் பாசிவ் இவ்வளவு பரவலாக இருக்கிறது.

தமிழ்ப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போது நம் கை தானாக ‘தே’ என்று தொடங்குகிறது. ‘தே ஹேவ் பில்ட் அ நியூ பஸ் ஸ்டாண்ட்’. புது பஸ் ஸ்டாண்ட் கட்டியிருக்கிறார்கள். பேச்சில் இது போதும். எழுத்தில் படிப்பவர் ‘தே’ யார் என்று மேல் வரியில் தேடுவார், அங்கே எவரும் இருக்க மாட்டார்கள். ‘அ நியூ பஸ் ஸ்டாண்ட் ஹேஸ் பீன் பில்ட்’ என்பதுதான் நம் ‘கட்டியிருக்கிறார்கள்’ என்பதற்கு எழுத்து ஆங்கிலத்தில் சரியான ஜோடி. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தூரத்தை டக்ளஸ் பைபரும் கூட்டாளிகளும் 1999-ல் வெளியிட்ட லாங்மன் இலக்கண நூல் அளந்து காட்டுகிறது. உரையாடலில் நூறு வினைகளில் சுமார் 2 பாசிவ், செய்தி எழுத்தில் சுமார் 15, ஆய்வு எழுத்தில் சுமார் 25.

இனி ஒரு பத்தி எழுதிப் பார்ப்போம். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் கடுமையாகச் சேதமடைந்தது. ஈ.ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் சீரானது. இந்த மூன்று செய்திகளையும் ஆக்டிவ் விதிப்படி ஆங்கிலத்தில் எழுதினால் இப்படி வரும்: ரயில்வே பாலத்தைத் திறந்தது, புயல் பாலத்தைச் சேதப்படுத்தியது, ஸ்ரீதரனின் குழு பாலத்தைச் சீராக்கியது. மூன்று வாக்கியம், மூன்று எழுவாய். படிப்பவரின் கண் ரயில்வேயைப் பார்க்கிறது, புயலைப் பார்க்கிறது, ஒரு பொறியாளரைப் பார்க்கிறது. பாலம் ஒவ்வொரு முறையும் வால் பக்கம் போய்விடுகிறது. பாசிவ் போட்டால் ‘த பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட்’, ‘இட் வாஸ் டேமேஜ்ட்’, ‘இட் வாஸ் ரிப்பேர்ட்’ என்று பாலம் கண்ணைவிட்டு அகலாமல் நிற்கிறது. கட்டுரை பாலத்தைப் பற்றி என்றால் இதுதான் சரி.

அதே செய்தி ஸ்ரீதரனின் வாழ்க்கைக் கட்டுரையில் வந்தால் தலைகீழ். அங்கே ‘த பிரிட்ஜ் வாஸ் ரிப்பேர்ட் பை ஸ்ரீதரன்’ என்று எழுதுவது அவரைக் கட்டுரையிலிருந்து வெளியே தள்ளிவிட்டுப் பாலத்தை நடுவில் நிறுத்துவதாகும். ‘ஹீ ரிப்பேர்ட் த பிரிட்ஜ் இன் 46 டேஸ்’ என்று ஆக்டிவில்தான் எழுத வேண்டும். எனவே ஆக்டிவா பாசிவா என்று ஒரு வாக்கியத்தைத் தனியே பிடுங்கி வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாது. அதன் மேல் வாக்கியத்தையும் கீழ் வாக்கியத்தையும் கேட்க வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சாட்சி டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த கட்டுரை. 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் வந்தது. அறிவியல் கட்டுரை என்றால் முழுக்க பாசிவ் என்று நினைப்பவர்கள் அதன் முதல் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘வீ’ என்று தொடங்குகிறது. ஒரு கட்டமைப்பை முன்வைக்க விரும்புகிறோம் என்று இருவரும் தாங்களே முன்னால் வந்து சொல்கிறார்கள். உரிமை கோருகிற வாக்கியம், அதற்கு ஆள் வேண்டும். இரண்டாவது வாக்கியம் ‘இந்தக் கட்டமைப்பு’ என்று தொடங்கி அதன் புதுமையைச் சொல்கிறது. மூன்றாவது வாக்கியத்தில் பாசிவ் வருகிறது. நியூக்ளிக் அமிலத்துக்கு ஒரு கட்டமைப்பு ஏற்கெனவே முன்மொழியப்பட்டிருக்கிறது, பாலிங், கோரி இருவரால் என்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு பெயர்களும் ‘பை’க்குப் பிறகு வாக்கியத்தின் கடைசிச் சொற்களாக வருகின்றன. நான்காவது வாக்கியத்தின் முதல் சொல் ‘தே’. அவர்கள் தங்கள் கையெழுத்துப் பிரதியை வெளியாகும் முன்பே எங்களுக்குக் கொடுத்து உதவினார்கள் என்கிறது. ஐந்தாவது வாக்கியம் ‘தேர் மாடல்’ என்று தொடங்குகிறது.

அந்த மூன்றாவது வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘கட்டமைப்பு’ என்பது படிப்பவர் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருள். வாக்கியம் அதைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது. பாலிங், கோரி புதியவர்கள். அவர்களைக் கடைசியில் அறிமுகப்படுத்துகிறது. கடைசியில் நின்றதால் அடுத்த வாக்கியம் அவர்களை ‘தே’ என்று சட்டென்று பிடித்துக்கொள்ள முடிகிறது. இதையே ஆக்டிவாக, பாலிங்கும் கோரியும் ஒரு கட்டமைப்பை முன்மொழிந்திருக்கிறார்கள் என்று எழுதினால் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு புதுப் பெயர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் முன்னால் வந்து நிற்கும், படிப்பவர் ஒரு கணம் தடுக்குவார். தெரிந்ததில் தொடங்கிப் புதியதில் முடிப்பது ஆங்கில வாக்கியத்தின் இயல்பான நடை. அந்த நடை கெடாமல் இருக்கத்தான் பாசிவ் வேண்டியிருக்கிறது. நோபல் பரிசு பெற்ற ஒரு கண்டுபிடிப்பின் கட்டுரையில் அது எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

‘பை’ பற்றி இதிலிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. பள்ளிக்கூடப் பயிற்சி ஒவ்வொரு பாசிவுக்கும் ஒரு ‘பை’ கேட்டது. நடைமுறையில் பெரும்பாலான பாசிவ் வாக்கியங்களில் ‘பை’ கிடையாது. கைது செய்யப்பட்டார் என்றால் போலீஸால் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுள்ளது என்று பேங்க் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸில் பேங்கால் என்று எழுதினால் விசித்திரமாக இருக்கும். செய்தவர் புதிய செய்தியாக இருந்தால், அல்லது 18-வது பிரிவைப் போல அவர் யார் என்பதில் பொருளே மாறுமானால், அப்போது மட்டும் ‘பை’ வரட்டும். ‘பை மீ’, ‘பை அஸ்’, ‘பை பீப்பிள்’ என்று கை எழுதினால் அந்த வாக்கியம் அநேகமாக ஆக்டிவாக இருக்க வேண்டியது.

தமிழிலிருந்து போகிறவர்களுக்கு அதிகம் பழக்கப்படாத ஒரு பாசிவ் உண்டு, ஆங்கிலத்தில் மிகவும் பயன்படுகிறது. அவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். இதைச் செயப்பாட்டுவினை ஆக்கினாலும் தமிழில் பரிசு கொடுக்கப்பட்டது என்றுதான் வரும். அவள் ‘அவளுக்கு’ ஆகவே நிற்பாள், நான்காம் வேற்றுமை அவளை விடாது. ஆங்கிலத்தில் பெற்றுக்கொண்டவரே எழுவாய் ஆகலாம். ‘ஷீ வாஸ் கிவன் அ ப்ரைஸ்’. பழைய ஆங்கிலத்தில் இது முடியாது, நம்மைப் போல ‘அவளுக்கு’ என்றுதான் இருந்தது. உருபுகள் தேய்ந்த பிறகு, 14-ம் நூற்றாண்டு வாக்கில்தான் இது தெளிவாகத் தலைகாட்டுகிறது. அந்தப் பழக்கம் நமக்கு இல்லாததால் ‘டு ஹர் அ ப்ரைஸ் வாஸ் கிவன்’ என்று எழுதிவிடுகிறோம், அல்லது ‘தே டோல்டு மீ டு வெயிட்’ என்று மறுபடியும் அந்த ஆளில்லாத ‘தே’க்குப் போகிறோம். ‘ஐ வாஸ் டோல்டு டு வெயிட்’, ‘ஐ வாஸ் ஆஸ்க்ட் டு சப்மிட் த ஒரிஜினல்’, ‘வீ வேர் நாட் கிவன் அ ரிசிப்ட்’ – இந்த மூன்று மாதிரிகளும் வாய்க்கு வந்துவிட்டால் உங்கள் ஆங்கிலக் கடிதங்களின் தோரணையே மாறிவிடும். என்னைக் காத்திருக்கச் சொன்னார்கள், ஒரிஜினலைக் கேட்டார்கள், எங்களுக்கு ரசீது தரவில்லை என்று தமிழில் நாம் தினமும் சொல்வதுதான் இவை.

மறுபக்கம், பாசிவ் ஆகவே முடியாத வினைகள் மேல் ‘வாஸ்’ ஏற்றுகிற பழக்கம் நம்மிடம் நிறைய. ‘த ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ தவறு, ‘ஹேப்பன்ட்’ போதும். ‘ஹீ வாஸ் டைட்’ தவறு, ‘ஹீ டைட்’. ‘அக்கர்ட்’, ‘அப்பியர்ட்’, ‘அரைவ்ட்’ எல்லாம் இதே வகை. இவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது, பாசிவில் முன்னால் கொண்டுவர ஆள் இல்லை. ‘இஸ் கன்சிஸ்டட் ஆஃப்’ என்று ஒன்று கிடையவே கிடையாது, ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’ மட்டும்தான். இதற்கு நேர்மாறாக, பாசிவாகவே இருக்க வேண்டிய ‘ஐ வாஸ் பார்ன்’ என்பதில் ‘வாஸ்’ஸை விட்டுவிட்டு ‘ஐ பார்ன் இன் மதுரை’ என்று பயோடேட்டாக்களில் எழுதுகிறார்கள். பெற்றவள் அம்மா, பெறப்பட்டவர் நாம். ஆங்கிலம் அப்படித்தான் அதைப் பார்க்கிறது.

கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இன்று சாதாரணமாக எழுதும் ‘இஸ் பீயிங் பில்ட்’ ஆங்கிலத்தில் சமீபத்தில் வந்தது. 18-ம் நூற்றாண்டில் ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றுதான் எழுதினார்கள். புது வடிவம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதிக் கடிதங்களில்தான் தலைகாட்டுகிறது. 1870-லும் ரிச்சர்ட் கிரான்ட் ஒயிட் என்ற அமெரிக்க விமர்சகர் அதை மொழிக்கேடு என்று தன் புத்தகத்தில் சாடினார். மக்கள் கேட்கவில்லை. வேண்டியிருந்ததால் வைத்துக்கொண்டார்கள்.

பாசிவ் மீது சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, அது பொறுப்பை மறைக்கும் என்பது. உண்மைதான், மறைக்க முடியும். 1987 ஜனவரியில், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி அதிபர் ரீகன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். தவறுகள் செய்யப்பட்டன. செய்தவர் யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. அவருக்கு நூற்றுப் பத்து வருடங்களுக்கு முன்னால், 1876 டிசம்பரில், தன் ஆட்சியின் கடைசி ஆண்டுச் செய்தியில் அதிபர் கிரான்ட்டும் அதே பாசிவைப் பயன்படுத்தினார். ஆனால் அதே வாக்கியத்தில், எல்லோருக்கும் தெரிகிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு ‘ஐ’ சேர்த்தார். இரண்டும் பாசிவ்தான். ஒருவர் அதன் பின்னால் நின்றார், இன்னொருவர் முன்னால் வந்தார்.

ஆக்டிவும் மறைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘அ க்ளாஷ் எரப்டட்’, ‘ஃபோர் பீப்பிள் லாஸ்ட் தேர் லைவ்ஸ்’. மோதல் வெடித்தது, நால்வர் உயிரிழந்தனர். இரண்டும் சுத்தமான ஆக்டிவ். சுட்டவர் யார் என்பது இரண்டிலும் இல்லை. இங்கே ‘ஃபோர் பீப்பிள் வேர் ஷாட் பை த போலீஸ்’ என்ற பாசிவ்தான் உண்மையை முழுதாகச் சொல்லும். செத்தவர்களை முன்னாலும் நிறுத்துகிறது, சுட்டவர்களையும் விடவில்லை.

மன்னிப்பு, நன்றி, வாக்குறுதி. இந்த மூன்றை மட்டும் நான் பாசிவில் எழுத விடமாட்டேன். ரயில் தாமதமாகும்போது ஸ்டேஷனில் ‘த இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்று ஒலிபெருக்கி சொல்கிறது. வருத்தம் இருக்கிறது, வருந்துகிறவர் இல்லை. மூன்று மணி நேரம் பிளாட்பாரத்தில் கைக்குழந்தையோடு நிற்கிறவருக்கு அந்த வாக்கியத்தால் ஒரு ஆறுதலும் இல்லை. ‘வீ ஆர் சாரி’ என்பது மூன்று சொல்தான், அதற்குள் மனிதர் இருக்கிறார். வேலை கொடுத்தவருக்கு எழுதும் கடிதத்திலும் ‘யுவர் ஹெல்ப் இஸ் தேங்க்ட்’ என்று எழுதாதீர்கள். ‘ஐ தேங்க் யூ’ என்று எழுதுங்கள்.

அரசு அலுவலகக் கடிதங்களில் ‘ஐ ஆம் டைரக்டட் டு’ என்று ஒரு தொடக்கம் பார்த்திருப்பீர்கள். இதைப் பழைய காலத்துச் சடங்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. கையெழுத்துப் போடும் அதிகாரி சொந்தமாகப் பேசவில்லை, மேலே எடுத்த முடிவை எடுத்துச் சொல்கிறார் என்பதை அந்தப் பாசிவ் துல்லியமாகப் பதிவு செய்கிறது. ஆனால் அந்தத் தோரணையை நாம் நம் லீவ் லெட்டருக்குக் கடன் வாங்குவதில் பொருளில்லை. ‘இட் இஸ் ஹியர்பை இன்ஃபார்ம்ட்’ என்று தொடங்க வேண்டியதில்லை. நமக்கு எவரும் கட்டளையிடவில்லை, லீவு கேட்பது நாம்தான்.

இந்த வாரம் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். உங்கள் தெருவுக்குத் திங்கள்கிழமையிலிருந்து தண்ணீர் வரவில்லை, நகராட்சிக்கு ஆங்கிலத்தில் புகார். முதல் வாக்கியம் பாசிவ்: ‘நோ வாட்டர் ஹேஸ் பீன் சப்ளைட் டு அவர் ஸ்ட்ரீட் சின்ஸ் மண்டே’. பேச்சு தண்ணீரைப் பற்றி, விரல் இன்னும் எவரையும் நோக்கி நீளவில்லை, படிக்கும் அதிகாரி முகம் சுளிக்காமல் அடுத்த வரிக்கு வருவார். இரண்டாவது வாக்கியம் ஆக்டிவ்: ‘வீ ரிப்போர்டட் திஸ் ஆன் டியூஸ்டே அண்டு அகெய்ன் ஆன் தர்ஸ்டே’. சொன்னவர்கள் நீங்கள், அது பதிவாக வேண்டும். மூன்றாவது மறுபடியும் பாசிவ், பெற்றுக்கொண்டவர் எழுவாயாக நிற்கும் அந்த வகை: ‘வீ வேர் டோல்டு தட் த பைப் வுட் பி ரிப்பேர்ட் பை ஃப்ரைடே’. இந்த ‘பை’ வேறு, வெள்ளிக்கிழமைக்குள் என்று பொருள். சொன்னவரின் பெயர் தெரிந்தால் இங்கேயே ஆக்டிவுக்கு மாற்றி அவரை முன்னால் நிறுத்துங்கள். கடைசி வாக்கியத்தில் ‘நெசசரி ஆக்ஷன் மே பி டேக்கன்’ என்று எழுதத்தான் கை போகும். அதை விட்டுவிட்டு ‘ப்ளீஸ் செண்ட் சம்ஒன் டு ஃபிக்ஸ் த பைப்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.